தாத்தாவின் வலி, பேரனின் உடம்பு

என் மாமனாருக்கு 58 வயதில் முன்தோலை நீக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. மறு வருடம் எனக்கு மகன் பிறந்தான். இந்த இரண்டும் அடுத்தடுத்து நடந்திருக்காவிட்டால், பச்சைக் குழந்தைக்கு சுன்னத் செய்வதா வேண்டாமா என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழுந்திருக்காது. நாங்கள் சிங்கப்பூரில் இருக்கும் இந்துக் குடும்பம். எங்கள் பக்கம் அந்த வழக்கம் கிடையாது. மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் அவர் விஷயத்தை எழுதுகிறேன். "தாராளமா எழுதும்மா. என்னை மாதிரி மூடி மறைக்காம எவனாவது நேரத்தோட டாக்டர்கிட்டப் போனா சரி" என்றார்.

அவர் மூடித்தான் மறைத்தார். முதலில் அரிப்பு, அப்புறம் தோல் நுனியில் சின்னச் சின்ன வெடிப்பு, சிறுநீர் பட்டால் எரிச்சல். தேக்கா கடைத்தெருவில் ஏதோ ஒரு களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். அத்தைக்குக்கூடத் தெரியாது. தோல் மெல்ல மெல்ல இறுகி, பின்னுக்கே வராமல் போய், சிறுநீர் கழிக்கவே சிரமமான பிறகுதான் பலதுறை மருந்தகத்துக்குப் போனார். அங்கிருந்த டாக்டர் தோலைப் பார்த்தவுடன் அடுத்த வேலையாக விரல் நுனியில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்த்திருக்கிறார். லிட்டருக்கு 17 மில்லிமோல் இருந்தது. இப்படித் தொந்தரவோடு வருகிறவருக்கு 11-ஐத் தாண்டினாலே சர்க்கரை நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். தனக்குச் சர்க்கரை இருப்பதே மாமாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த பிறகுதான் கஷ்டம். கைலியின் முன்பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, காலை அகட்டி அகட்டி, அறையிலிருந்து கழிப்பறை வரைக்கும் நடப்பார். தையல் துணியில் உரசினால் அங்கேயே நின்றுவிடுவார். இரவில் தூக்கத்தில் தானாக விறைக்கும்போது தையல் இழுத்து எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று என் கணவர் சொன்னார். அந்த வீட்டில் யாருடைய வலியையும் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். அதனால் பேரன் பிறந்த மறுநாளே மாமா வாயைத் திறந்தபோது எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. "கைக்குழந்தையா இருக்கும்போதே எடுத்து விட்டுடுங்கப்பா. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. என் கதி அவனுக்கு வரக்கூடாது."

அமெரிக்காவில் இருக்கும் கணவரின் அண்ணனும் அதையே சொன்னார். அவருடைய இரண்டு பையன்களுக்கும் பிறந்த ஆஸ்பத்திரியிலேயே செய்துவிட்டார்கள். படிவத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டோம், அவ்வளவுதான் என்றார். அங்கே அது அப்படித்தான். 1979-இல் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பிறந்த ஆண் குழந்தைகளில் 64.5 விழுக்காட்டினருக்கு வீடு திரும்பும் முன்பே செய்திருக்கிறார்கள். 2010-இல் அது 58.3 விழுக்காடாகக் குறைந்திருந்தது. மதமோ நோயோ காரணமில்லை, வழக்கம்தான் காரணம். தென்கொரியாவிலும் இப்படித்தான். 1950-களில் அமெரிக்கப் படைகளோடு வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம், 2000-க்குப் பிறகு இளம் பெற்றோர்களால் கைவிடப்பட்டுக்கொண்டிருக்கிறது. எல்லாரும் செய்கிறார்கள் என்பது எந்த ஊர், எந்தக் காலம் என்பதைப் பொறுத்துத்தான்.

சிங்கப்பூரில் எங்களிடம் யாரும் படிவத்தை நீட்டவில்லை. இங்கே மலாய்க்காரர்களுக்கும் இந்திய முஸ்லிம்களுக்கும் அது மார்க்கக் கடமை. சீனர்களும் மற்ற இந்தியர்களும் பொதுவாகச் செய்வதில்லை. மருத்துவக் காரணம் இல்லாவிட்டால், மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவிலிருந்து பணம் எடுக்க முடியாது. பையன்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையில் (ராணுவம் போன்றவற்றில்) சேர்ந்து மற்ற பையன்களோடு குளிக்கும்போது என் மகன் வித்தியாசமாகத் தெரிவானோ என்ற கவலைக்கும் இந்த ஊரில் இடமில்லை. இரண்டு விதமாகவும் இருப்பார்கள்.

ஆனாலும் அவசரம் என்று ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் சில வாரங்களுக்குள் என்றால் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்துவிடலாம், குழந்தை வளர்ந்துவிட்டால் முழு மயக்கம் கொடுக்க வேண்டிவரும். இது உண்மைதான். தாய்ப்பால் சரியாக அமையாமல், தூக்கம் இல்லாமல், பத்தியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு படுத்திருந்த எனக்கு, 'இப்போது விட்டால் போச்சு' என்ற அந்த எண்ணம்தான் எல்லாவற்றையும்விடப் பாரமாக இருந்தது. என் கணவர் பகலில் மாமா பக்கமும் இரவில் என் பக்கமுமாகத் தவித்தார்.

மஞ்சள் காமாலைக்காகக் குழந்தையைக் காட்டப் போனபோது குழந்தை மருத்துவரிடம் கேட்டேன். இந்த விஷயத்தில் பெரிய அமைப்புகளே ஒரே குரலில் பேசவில்லை என்றுதான் அவர் ஆரம்பித்தார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-இல், நன்மைகள் ஆபத்தைவிட அதிகம், ஆனால் எல்லாக் குழந்தைக்கும் செய்யுங்கள் என்று பரிந்துரைக்கிற அளவுக்கு இல்லை, பெற்றோர் முடிவெடுக்கட்டும் என்றது. கனடாச் சங்கம் 2015-இல், எல்லா ஆண் குழந்தைக்கும் வழக்கமாகச் செய்வதைப் பரிந்துரைக்கவில்லை என்றது. ஆய்வுகள் ஏறக்குறைய அதே ஆய்வுகள். பார்க்கிற கண் வேறு.

முதலில் சிறுநீர்த் தொற்று. சுன்னத் செய்யாத ஆண் குழந்தைகளில் நூற்றில் ஒருவருக்கு முதல் வருடத்தில் அது வருகிறது. செய்தவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு. பத்து மடங்கு வித்தியாசம் என்று சொன்னால் பயம் வந்துவிடும். அதையே திருப்பிப் பார்த்தால், ஒரு தொற்றைத் தடுக்க ஆரோக்கியமான 111 குழந்தைகளுக்குச் செய்ய வேண்டும். வந்தாலும் பெரும்பாலும் மருந்தில் குணமாகிவிடுகிற தொற்று அது. ஆனால் எல்லாக் குழந்தைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. திரும்பத் திரும்பத் தொற்று வருகிற குழந்தை என்றால் அந்த 111 என்பது 11 ஆகிவிடுகிறது. சிறுநீர் பையிலிருந்து சிறுநீரகத்துக்கே திரும்பி ஏறுகிற கோளாறு கடுமையாக இருந்தால் வெறும் 4. என் மகன் அப்படிப்பட்ட குழந்தையாக இருந்திருந்தால் நான் ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டேன். கர்ப்பகால ஸ்கேனில் அவன் சிறுநீரகங்கள் இரண்டும் சரியாக இருந்தன.

எச்ஐவி பற்றியும் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவிலும் கென்யாவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வுகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது சுமார் 60 விழுக்காடு குறைந்தது. அதை வைத்துத்தான் 2007-இல் உலகச் சுகாதார நிறுவனம், அந்த நோய் அதிகமாகப் பரவியிருக்கும் நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் தாங்களே சம்மதித்த வளர்ந்த ஆண்கள். என் மகனுக்கு அந்தக் கேள்வி வர இன்னும் பல வருடம் இருக்கிறது. வரும்போது அவன் வாய் பேசும்.

மாமா பக்கத்தில் இருந்த வலுவான வாதம் வேறு. 2014-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும்போது சிக்கல் வருவது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு வயதிலிருந்து ஒன்பது வயதுக்குள் செய்தால் அது சுமார் 20 மடங்கு. எப்படியும் செய்யத்தான் போகிறோம் என்றால் சீக்கிரம் செய்வதே நல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த 'எப்படியும்' என்பதில்தான் நான் நின்றேன். தோலை அப்படியே விட்ட பையன்களில் பெரும்பாலானவர்களுக்குக் கடைசிவரை எதுவும் தேவைப்படுவதில்லை. இறுக்கம் இருக்கிற பையன்களிலும் பலருக்குச் சில வாரம் ஸ்டீராய்டு களிம்பு தடவினாலே தோல் தளர்ந்துவிடுகிறது. நூற்றில் ஓரிருவருக்கு வரக்கூடியதைத் தவிர்க்க, வராத மற்றவர்களோடு சேர்த்து என் பிள்ளைக்கும் கத்தி வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று மாமா சொன்னது என்னை விடாமல் குடைந்தது. ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படி நம்பினார்கள். பிறந்த குழந்தைக்கு நரம்பு மண்டலம் முதிர்ந்திருக்காது, வலி உறைக்காது என்று சொல்லிப் பெரிய அறுவை சிகிச்சைகளைக்கூடச் சரியான வலிமருந்து இல்லாமல் செய்திருக்கிறார்கள். இந்திய வம்சாவளி மருத்துவரான கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடைய சகாவும் 1987-இல் எழுதிய கட்டுரைதான் அந்த எண்ணத்தை உடைத்ததில் முக்கியமானது. பத்து வருடம் கழித்து, 1997-இல், கனடாவில் இன்னோர் ஆய்வு. பிறந்தவுடன் சுன்னத் செய்யப்பட்ட குழந்தைகள், நாலு அல்லது ஆறு மாதத்தில் தடுப்பூசி போடும்போது, செய்யப்படாத குழந்தைகளைவிட அதிக நேரம் அழுதார்கள். மரத்துப்போகும் களிம்பு தடவிச் செய்யப்பட்டவர்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்தார்கள். இதைப் படித்த இரவு பால் கொடுத்துக்கொண்டே அழுதுவிட்டேன். குழந்தைக்கு நினைவில் இருக்காது என்பது வேறு, உடம்புக்குத் தெரியாது என்பது வேறு.

எங்கள் மாடியிலேயே, நாலு வீடு தள்ளி, கடையநல்லூர்ப் பூர்வீகம் கொண்ட ஓர் அக்கா இருக்கிறார். தாத்தா காலத்திலேயே இங்கு வந்து குடியேறிய குடும்பம். பத்தியத்துக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக்கொண்டுவந்து கொடுத்தவரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் சகஜமாகப் பேசினார். அவர் வீட்டுக்காரருக்கு ஏழு வயதில் நடந்ததாம். மாலை போட்டு, புதுக் கைலி கட்டிவிட்டு, சொந்தக்காரர்களுக்கெல்லாம் பிரியாணி ஆக்கிப்போட்டு, கல்யாணமாகவே செய்திருக்கிறார்கள். பேரனுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே கிளினிக்கில் பிளாஸ்டிக் வளையம் மாட்டிச் செய்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் வளையம் தானாக விழுந்துவிட்டது. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஷாஃபி மத்ஹபில் இது கட்டாயம், ஹனஃபியில் வலியுறுத்தப்பட்ட நபிவழி, எப்படியானாலும் விடமாட்டோம் என்றார். அப்புறம் அவரே கேட்டார்: "எங்களுக்கு இது வைத்தியம் இல்ல தங்கச்சி, கடமை. அதனால வலிச்சாலும் மனசு ஆறிடும். உனக்குக் கடமையும் இல்ல, பிள்ளைக்கு நோவும் இல்ல. அப்புறம் எதுக்கு இந்த அவசரம்?"

எத்தனையோ கட்டுரை படித்தும் எனக்குத் தெளியாதது அந்த ஒரு கேள்வியில் தெளிந்தது. அவர் வீட்டில் அந்தச் சடங்குக்குப் பின்னால் ஒரு சமூகம் நிற்கிறது. வளரும் பிள்ளைக்குத் தனக்கு ஏன் செய்தார்கள் என்று தெரிந்திருக்கும். என் மகன் நாளைக்கு என்னிடம் கேட்டால், தாத்தாவுக்கு வலித்தது, அதனால் உனக்குச் செய்தோம் என்றுதான் என்னால் சொல்ல முடியும். அது அன்பிலிருந்து வந்த காரணம். ஆனால் அவன் உடம்புக்கு அது போதுமான காரணம் இல்லை.

கடமை என்று செய்கிறவர்களிடம் டாக்டர் கேட்கிற கேள்விகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். சிறுநீர்த் துளை நுனியில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிப்பக்கம் தள்ளியிருந்தால் செய்யவே கூடாது. பின்னால் அதைச் சரிசெய்ய அந்தத் தோல்தான் தேவைப்படும். குடும்பத்தில் ரத்தம் உறையாத கோளாறு யாருக்காவது உண்டா, பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று கேட்பார்கள். சிங்கப்பூரில் 1965-லிருந்து பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகள் பட்டால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும் பிறவிக் கோளாறு) இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். அந்த முடிவையும் பார்ப்பார்கள். வழக்கமாகத் தடவும் மரத்துப்போகும் களிம்பில் உள்ள பிரிலோகைன் அந்தக் குறைபாடு இருக்கும் குழந்தைக்கு ஆகாது. வலிக்கு என்ன கொடுக்கப்போகிறீர்கள் என்பதை மட்டும் பெற்றோர் வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்போம் என்ற பதிலோடு நிறுத்தினால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

மாமாவிடம் என் கணவர்தான் பேசினார். செய்யப்போவதில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர் மனம் உடைந்திருக்கும். அவர் பட்ட கஷ்டத்துக்குக் காரணம் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தார். சர்க்கரை கூடியபோது அது சிறுநீரில் இறங்கியது. அந்த இனிப்பில் தோலுக்கு அடியில் காளான் கிருமி வளர்ந்தது. திரும்பத் திரும்பப் புண்ணாகி, வெடித்து, தழும்பேறித் தோல் இறுகியது. ஐம்பது வருடத்துக்கும் மேல் அதே தோல் அவருக்கு ஒரு தொந்தரவும் தரவில்லை. நடுவயதில் திடீரென்று முன்தோல் இறுகினால் முதலில் சர்க்கரையைப் பார் என்பது டாக்டர்களுக்குப் பாடம். மாமாவுக்கு அது தெரிந்திருந்தால் களிம்பு வாங்கின நாளிலேயே ரத்தப் பரிசோதனைக்குப் போயிருப்பார்.

2016-இல் சுகாதார அமைச்சு சர்க்கரை நோயை எதிர்த்துப் போர் என்றே அறிவித்தது. இந்த ஊர் இந்தியர்களுக்குச் சீனர்களைவிட அந்த நோய் அதிகம். எங்கள் குடும்பத்தில் பேரனுக்கு வரக்கூடியது என்று ஒன்று இருந்தால் அது இதுதான். தோலை வெட்டி இதை நிறுத்த முடியாது. "நீங்க சோத்தைக் குறைங்க, நானும் டெஸ்ட் எடுக்கிறேன்" என்று கணவர் சொன்னார். எடுத்தும் பார்த்தார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2 விழுக்காடு, எல்லைக்கோட்டில் இருக்கிறது. இப்போது இரண்டு பேரும் சாயங்காலம் கால்வாய் ஓரமாக நடக்கப் போகிறார்கள். மாமா அதற்கப்புறம் பேரன் விஷயத்தை எடுக்கவில்லை.

வேண்டாம் என்று முடிவெடுத்ததோடு வேலை முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. நம் வீடுகளில் அதிகம் பேச வேண்டியதே இனிமேல்தான் இருக்கிறது.

பிரசவ மாதத்தில் எனக்கு உடம்பு பிடித்துவிடவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் ஓர் அம்மா வந்தார். கைராசிக்காரர். குளியலறையில் மணையைப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்தி, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்தாரென்றால் அவன் கண்ணைச் சொக்கிக்கொண்டு கிடப்பான். அப்படித் தேய்த்துக்கொண்டே வந்தவர், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்துக் குஞ்சுமணியின் தோலைப் பின்னுக்குத் தள்ளி, அதில் ஒரு சொட்டு எண்ணெய் விடப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இப்பவே தெனம் தள்ளித் தள்ளி விடணும்மா, இல்லாட்டி ஒட்டிக்கும்" என்றார். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவும் ஆமாம் என்றார். என் தம்பிக்கு அப்படித்தான் செய்தாராம்.

ஒட்டிக்கொள்ளாது. ஏற்கெனவே ஒட்டித்தான் இருக்கிறது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பிறந்த குழந்தைக்கு முன்தோலும் மொட்டும், நகம் விரலோடு இருப்பது மாதிரி ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். பிரிட்டனில் டக்ளஸ் கெய்ர்ட்னர் 1949-லேயே இதை எழுதிவிட்டார். பிறக்கும்போது முழுதாகப் பின்னுக்கு வருவது நூற்றில் நாலு குழந்தைக்குத்தான் என்று அவர் கண்டார். டென்மார்க்கில் ஓஸ்டர் என்ற மருத்துவர் பள்ளிப் பையன்களை வருடக்கணக்காகப் பார்த்து 1968-இல் எழுதியது இன்னும் தெளிவு. 6, 7 வயதில் நூற்றில் 8 பேருக்கு இறுக்கம் இருந்தது. 16, 17 வயதில் நூற்றில் ஒருவருக்குத்தான். அந்த மாற்றத்தைப் பெரும்பாலும் கத்தி செய்யவில்லை. வளர்ச்சிதான் செய்தது.

அதை விரலால் தள்ளிப் பிரித்தால் உள்ளே கிழியும். கண்ணுக்குத் தெரியாத சின்னக் கிழிசல் ஆறும்போது தழும்பாகும், தழும்பு சுருங்கும், அப்போதுதான் நிஜமான முன்தோல் குறுக்கம் வருகிறது. கடைசியில் அந்தப் பையனைக் கத்திக்குக் கொண்டுபோய் நிறுத்துவது, ஒட்டிவிடக் கூடாதே என்று தினம் தள்ளிவிட்ட கைதான். தள்ளிய தோல் முன்னால் வராமல் பின்னாலேயே மாட்டிக்கொண்டு வீங்கினால் உடனே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். இதைப் பாட்டிமார்களிடமும் குளிப்பாட்ட வருகிற அம்மாக்களிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் குழந்தை மேல் பிரியம் குறைவா என்ன? டாக்டர் சொல்லிவிட்டார் என்று நான் சொன்னதும் அந்த அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த வீட்டிலும் சொல்கிறேன் என்றார்.

எனவே இப்போது வெளிப்பக்கம் மட்டும்தான் கழுவுகிறோம், மற்ற இடத்தைக் கழுவுவது போலவே. தோலுக்கடியில் முத்து முத்தாக வெள்ளையாகத் தெரிந்தால் அது சீழ் இல்லை, உதிர்ந்த செல்கள். தானாக வெளியே வரும். சிறுநீர் கழிக்கும்போது நுனி லேசாக உப்பி அடங்கினாலும் பயமில்லை. சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, சொட்டுச் சொட்டாக முக்கி முக்கிப் போனாலோ காட்ட வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். செய்யாமல் விட்டவர்களுக்கு அந்தக் கவனம் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் எந்தக் குழந்தையானாலும் நேரே ஆஸ்பத்திரிதான்.

நான் வேலைக்குத் திரும்பும்போது அவனைக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் விட வேண்டும். டயப்பர் மாற்றும்போது தோலைத் தள்ள வேண்டாம் என்று அங்கேயும் சொல்லிவிட்டுத்தான் விடப் போகிறேன். அவன் வளர்ந்து தோல் தானாகப் பின்னுக்கு வர ஆரம்பித்ததும், குளிக்கும்போது மெதுவாகத் தள்ளித் தண்ணீரில் கழுவி, மறக்காமல் முன்னால் கொண்டுவந்து விட வேண்டும் என்று யாராவது சொல்லித்தர வேண்டும். அது அப்பாவின் வேலை என்று பேசிவைத்திருக்கிறோம். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எந்த வயதில், எப்படிச் சொல்வது என்று இப்போதே டாக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறார்.